தொங்கும் இமையோடு பிறந்த குழந்தைக்கு ஒரு சிறப்புப் பிரிவு: மருத்துவர் நன்று, கையேடு மோசம்

பிறந்த குழந்தையின் மேலிமை இறங்கியிருந்தால் அதைப் பார்ப்பதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கும் குழந்தைக் கண் மருத்துவப் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. திருச்சியிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில், ஒரு தனியார் கண் மருத்துவமனையில் இப்பிரிவு இயங்குகிறது. நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் தங்கையின் பெண் குழந்தைக்கு இடது மேலிமை பிறந்த நாள் முதலே கண்மணியின் மேல்விளிம்பைத் தொட்டபடி இறங்கியிருந்தது. பிறந்த சில நாட்களுக்குக் குழந்தையின் முகமே வீங்கியிருக்கும், வீக்கம் வடிந்தால் இமையும் சரியாகிவிடும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னார்கள். பல குழந்தைகளுக்கு அது உண்மையும்கூட. வீக்கம் வடிந்த பின்னும் இமை மட்டும் ஏறவில்லை என்பதால்தான் இந்தப் பிரிவுக்குப் போனோம்.

எதை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண் பரிசோதனைக் கருவிகள் இன்று எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டன. குளிரூட்டிய கூடமும் பளபளக்கும் தரையும் எனக்குப் பொருட்டல்ல. இமை இறங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயின் மனத்தில் முதலில் நிற்பது, வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபோது நான் செய்த எதனால் இப்படி ஆயிற்று என்ற கேள்விதான். அதை அவள் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் வீட்டில் உள்ளவர்கள் கேட்டிருப்பார்கள். கர்ப்ப காலத்தைப் பற்றிய கேள்விகளில் சிகிச்சையை மாற்றக்கூடியவை சில; தாயைப் புண்படுத்துவதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாதவை பல. இவ்விரண்டையும் ஒரு மருத்துவமனை எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதை வைத்தே இச்சேவையின் தரத்தை எடைபோட்டிருக்கிறேன்.

பதிவு முடிந்ததும் ஓ.பி. சீட்டோடு ஒரு கேள்வித்தாளையும் தருகிறார்கள். நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பிற இடங்களில் சுகப்பிரசவமா சிசேரியனா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். இங்கே கர்ப்ப காலத்தில் தாய் உட்கொண்ட மருந்துகள் யாவை, வலிப்புக்கு மாத்திரை உண்டா, மாலையானால் இமை கனத்துப்போகும் தசைச் சோர்வு நோய் தாய்க்கு உண்டா, சர்க்கரை இருந்ததா, பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்களா, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவாக இருந்ததா, மது அருந்தும் பழக்கம் இருந்ததா, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, பிறந்தபோது எடை எவ்வளவு, தோள் சிக்கியதா, தாய் தந்தை உறவில் மணந்தவர்களா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் ஒரு கண் சிறிதாகத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். முதற்பார்வைக்கு ஏதோ குற்றப்பத்திரிகை போலத் தோன்றும் இந்தத் தாளில் காரணமில்லாத கேள்வி ஒன்றுகூட இல்லை என்பது மருத்துவர் விளக்கிய பிறகே புரிந்தது.

காத்திருப்பு நீண்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பரிசோதனையின் தரத்தில் எனக்கு முழு நிறைவு. முதலில் கண் பார்வை நிபுணர் ஒருவர் சிறு டார்ச்சின் ஒளியைக் கருவிழியில் விழச்செய்து, அந்த ஒளிப்புள்ளிக்கும் இமையின் விளிம்புக்கும் இடையிலான தொலைவை இரு கண்ணிலும் பார்த்தார். அந்தத் தொலைவு இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். கைக்குழந்தையிடம் அளவுகோலை நீட்டி மேலே பார், கீழே பார் என்று சொல்ல முடியாது என்பதால், கிலுகிலுப்பையை மேலும் கீழுமாக அசைத்து இமை எவ்வளவு ஏறுகிறது என்று மதிப்பிட்டார்கள். குழந்தை கீழே பார்க்கும்போது, இறங்கிய இமை மற்ற இமையைவிடச் சற்று உயரத்தில் நிற்பதை எங்களுக்கும் காட்டினார்கள். பிறவியிலேயே இமை உயர்த்தும் தசை சரியாக உருவாகாத குழந்தைகளிடம் இது தெரியும். அந்தத் தசை சுருங்கவும் திணறும், தளரவும் திணறும்.

பிறகு, என் தங்கையைத் திரைக்குப் பின்னால் அமரவைத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொன்னார்கள். குழந்தை அழுததால் அல்ல, இதுவும் பரிசோதனைதான். சில குழந்தைகளுக்குத் தாடையை அசைக்கும் நரம்பும் இமையைத் தூக்கும் தசையும் தவறாக இணைந்திருக்கும். பால் சப்பும்போது தொங்கிய இமை துள்ளித் துள்ளி மேலே ஏறும். மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் 1883இல் இதை முதன்முதலாக விவரித்ததால் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இத்தகைய குழந்தைக்கு அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடும் முறையே வேறு என்பதால், இதைப் பார்க்காமல் தேதி குறிப்பது சரியாகாது. எங்கள் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. பின்பு விளக்கை மங்கலாக்கி இரு கண்மணிகளின் அளவையும் ஒப்பிட்டார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பவரையும், உள்ளே விழித்திரையையும் பார்த்தார்கள். எந்தக் கட்டத்திலும் அவசரம் தெரியவில்லை.

இனி மருத்துவரின் விளக்கம். இந்தப் பிரிவைப் பற்றி எழுதத் தூண்டியதே அதுதான். பிறவி இமைத்தொய்வில் மிகப் பெரும்பான்மையானது தனித்து வருவது. வேறெந்த நோயின் அடையாளமும் அல்ல. இமையை உயர்த்தும் தசையில் தசை நார்கள் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் கலந்து உருவாகியிருக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓல்ம்ஸ்டெட் மாவட்டத்துக் குழந்தைகளின் நாற்பது ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 842 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்த எளிய வகை காணப்பட்டது. ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் 68 விழுக்காட்டினருக்கு அது இடது கண்ணாக இருந்தது. இடது கண்ணே ஏன் அதிகம் என்று என் தங்கையின் கணவர் கேட்டார். மருத்துவர் சிரித்துக்கொண்டே, தெரிந்தால் நானே கட்டுரை எழுதியிருப்பேனே என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதே ஆய்வில் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குக் குடும்பத்தில் வேறொருவருக்கும் இமைத்தொய்வு இருந்திருக்கிறது. ஆகவேதான் கேள்வித்தாளில் குடும்பப் புகைப்படங்களையும் கேட்டிருக்கிறார்கள். தாத்தாவின் பழைய திருமணப் படத்தில் ஒரு கண் அரைத்தூக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தால், அதுவே மருத்துவருக்கு ஒரு துப்பு.

இந்த எளிய வகைக்கும் கர்ப்பிணியின் அன்றாட நடத்தைக்கும் தொடர்பு எதுவும் நிலைநாட்டப்படவில்லை என்பதை மருத்துவர் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொன்னார். பப்பாளி தின்றதும், படி ஏறியதும், இரவில் கைப்பேசி பார்த்ததும், ஏழாம் மாதத்தில் ஊருக்குப் போய் வந்ததும் இமையைத் தொங்கவிடுவதில்லை. அப்போதுதான் தங்கையின் மாமியார் தயங்கித் தயங்கி கிரகணத்தைப் பற்றிக் கேட்டார். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது, எட்டு மாதக் கர்ப்பிணியான என் தங்கை மொட்டை மாடிக்குச் சென்று சிவந்த நிலாவைப் பார்த்தாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அந்த இரவு எங்கள் வீட்டில் பேசப்பட்டுக்கொண்டே இருந்தது.

மருத்துவர் கேலி செய்யவில்லை. "அம்மா, இமையைத் தூக்குற தசை மூணாவது, நாலாவது மாசத்துலேயே உருவாகி அதோட இடத்துக்கு வந்துடும். கிரகணம் வந்தப்போ உங்க மருமகளுக்கு எட்டாவது மாசம். தசை அதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கு. முதல் மாசத்துலயே கிரகணம் வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன், கிரகணத்துக்கும் குழந்தை கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னதற்காகவே அவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண். காலக்கணக்கை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தால், அடுத்த வீட்டுக்காரியின் மூன்றாம் மாதக் கிரகணம் குற்றவாளிக் கூண்டில் ஏறியிருக்கும். மாமியார் அதன்பின் கிரகணப் பேச்சை எடுக்கவில்லை.

அப்படியானால் கர்ப்ப காலம் சார்ந்த காரணம் எதுவுமே இல்லையா என்றால், சில உண்டு. அவை ஊரார் சொல்பவை அல்ல. மருத்துவர் முதலில் எடுத்துக்கொண்டது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயை. தாய்க்கு இந்நோய் இருந்தால், அவளது உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லக்கூடும். இத்தகைய தாய்மார்களின் குழந்தைகளில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பிறந்த முதல் சில நாட்களுக்குள் உடல் தளர்வு, மெல்லிய அழுகை, பால் குடிக்கத் திணறல், இமை இறக்கம் ஆகியவை தோன்றும். அந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலிலிருந்து கழியக் கழியச் சில வாரங்களில், சில வேளை ஓரிரு மாதங்களில், அது தானாகவே விலகிவிடும். ஆனால் அதுவரை மூச்சுவிடவும் விழுங்கவும் துணை தேவைப்படலாம் என்பதால், இமையைவிட மூச்சே கவலைக்குரியது. தாய் தன் நோயைப் பற்றிக் கூறாமல் விட்டுவிட்டால், அல்லது தனக்கு அந்நோய் இருப்பதே தெரியாமல் இருந்தால், குழந்தை மருத்துவர் வேறெங்கெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

பனிக்குட நீரையும் அசைவையும் பற்றிய கேள்வி எதற்கு என்பதை நான்தான் கேட்டேன். மயோடோனிக் டிஸ்டிரோஃபி என்ற பரம்பரைத் தசைநோய் தாய்க்கு மிக இலேசாக, அவளே அறியாத அளவில் இருக்கக்கூடும். ஆனால் அது குழந்தைக்குக் கடக்கும்போது பிறவியிலேயே கடுமையாக வெளிப்படலாம். கருவிலேயே தசை வலுவிழந்திருப்பதால் குழந்தை அசைவது குறையும். நீரை விழுங்குவதும் குறைவதால் பனிக்குட நீர் கூடும். பிறந்தபின் முகம் தளர்ந்து இமையும் வாயும் சரிந்திருக்கும். மருத்துவர் என் தங்கையின் கையை இறுக மூடச் சொல்லி, உடனே விரிக்கச் சொன்னார். இந்நோய் உள்ளவர்களுக்கு மூடிய விரல்கள் சட்டென்று விரியாது. குழந்தையின் கண்ணைப் பார்க்க வந்த இடத்தில் தாயின் கையைப் பார்த்த அந்த அரை நிமிடத்தை, இந்தப் பிரிவின் திறமைக்குச் சான்றாகவே கொள்கிறேன்.

மருந்துகளைப் பொறுத்தவரை, வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முக அமைப்பு மாற்றம், நகம் சரியாக வளராமை ஆகியவற்றோடு இமைத்தொய்வும் காணப்படுவது மருத்துவ உலகம் நன்கறிந்தது. இங்கே மருத்துவர் குரலை உயர்த்தியே ஓர் எச்சரிக்கை தந்தார்: இதைக் கேட்டுவிட்டு எந்தக் கர்ப்பிணியும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, கர்ப்பத்தில் வரும் வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரிடம் சென்று மாத்திரையை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, ஃபோலிக் அமிலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே வழி. மதுவும் அப்படியே. கர்ப்ப காலத்தில் மது அருந்துவதால் கருவுக்கு ஏற்படும் பாதிப்பின் முக அடையாளங்களில் குறுகிய கண் பிளவும், தட்டையான மேலுதட்டுக் குழிவும், சிலருக்கு இமைத்தொய்வும் அடங்கும். நம் பெண்களிடம் இதைக் கேட்பதா என்று மாமியார் முகம் சுளித்தார். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எப்படி, எங்கே வைத்துக் கேட்பது என்பதில்தான் எனக்குப் பிணக்கு.

தமிழ்நாட்டுத் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய கண்ணி சர்க்கரை நோயில் இருக்கிறது. கர்ப்ப கால நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறி வளரும். பிரசவத்தில் தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கும் முயற்சியில் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் இழுபடலாம். அந்தப் பின்னலின் கீழ்ப்பகுதி காயப்படும்போது கண்ணுக்குச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகளும் அறுபட்டு, கை தளர்வதோடு அதே பக்கத்து இமை ஓரிரு மில்லிமீட்டர் இறங்கி, கண்மணியும் சுருங்கும். ஹார்னர் என்ற பெயரில் வழங்கும் இந்தக் குறிதான், விளக்கை மங்கலாக்கிக் கண்மணிகளை ஒப்பிட்டதற்குக் காரணம். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்ப கால நீரிழிவு என்று கொள்கிறார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யப்படும் அந்தச் சாதாரணப் பரிசோதனைக்கும் குழந்தையின் இமைக்கும் இப்படியொரு தொலைதூர உறவு உண்டு என்பதை நான் இங்கேதான் அறிந்தேன். பிரசவத்தில் எந்தக் காயமும் இல்லாத குழந்தைக்கு இந்த ஹார்னர் குறி இருந்தால் நிலைமை வேறு. கழுத்து, மார்பு, வயிற்றுப் பகுதிகளில் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். அந்த வகையில், ஆயுதம் போட்டார்களா, தோள் சிக்கியதா என்ற கேள்விகளுக்கு இல்லை என்ற விடையும் மருத்துவருக்கு ஆம் என்பதைப் போலவே முக்கியம்.

உறவுத் திருமணம் பற்றிய விளக்கம் நடுநிலையாக இருந்தது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால், எந்தக் குழந்தைக்கு எது வந்தாலும் சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் குடும்பத்தில் தொடர்ந்து வரும் எளிய இமைத்தொய்வு பெரும்பாலும் தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டுமே வந்தாலும் வெளிப்படக்கூடியது. அதற்கு உறவில் மணந்திருக்க வேண்டியதில்லை. கண் பிளவே குறுகி, இரு இமைகளும் இறங்கி, மூக்கோரத்தில் தோல் மடிப்போடு பிறக்கும் வகையும் அவ்வாறே. மறுபுறம், பிறவித் தசைச் சோர்வு நோய்களில் பல இருவரிடமிருந்தும் மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுபவை; அங்கே உறவுத் திருமணம் பொருட்படுத்த வேண்டிய செய்தி. பால் குடித்துக் களைத்ததும் இமை மேலும் இறங்குகிறதா, தூங்கி எழுந்ததும் ஏறுகிறதா என்று கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவு சிறப்பாகப் பேசும் மருத்துவரைக் கொண்ட பிரிவு, கையில் கொடுத்தனுப்பும் அச்சிட்ட கையேட்டில் ஏன் இப்படிச் சறுக்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இமைத்தொய்வுக்கான காரணங்கள் என்ற தலைப்பின்கீழ் மரபணு, தசைக் குறைபாடு, நரம்புக் காயம் ஆகியவற்றுக்கு நடுவே தாயின் ஊட்டச்சத்துக் குறைவு, கர்ப்ப கால மன அழுத்தம், ஓய்வின்மை ஆகியவற்றையும் ஒரே எழுத்தளவில், ஒரே எடையில் அடுக்கியிருக்கிறார்கள். எது உறுதியானது, எது அரிது, எது யாரோ எங்கோ சொன்னது என்ற வேறுபாடே அதில் இல்லை. சத்துணவும் ஓய்வும் கர்ப்பிணிக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை; அவை இல்லாததால் இமை தொங்கியது என்று அச்சில் ஏற்றுவது வேறு செய்தி. மருத்துவர் அறைக்குள் சொன்னதை வீட்டில் இருப்பவர்கள் கேட்கவில்லை. அவர்கள் படிக்கப்போவது இந்தக் கையேட்டைத்தான். உள்ளே இறக்கிவைத்த பாரத்தை வாசலில் திரும்பத் தாயின் தலையில் ஏற்றி அனுப்புவதாக இது முடிகிறது. ஆலோசகரிடம் சொன்னபோது, அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்.

இரண்டாவது குறை கேள்வித்தாளை நிரப்பும் இடம். நூறு பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில், கணவரும் மாமியாரும் இரு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முன்பு கரு கலைந்ததா, மது அருந்துவதுண்டா, வலிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கு ஒரு பெண் எப்படி உண்மையை எழுதுவாள்? திருமணத்துக்கு முன் வந்த வலிப்பைப் புகுந்த வீட்டில் மறைத்து வாழும் பெண்கள் நம் ஊர்களில் இல்லையா? மருந்துப் பெயரை எழுதாமல் விட்டால் மருத்துவரின் கணிப்பே பிசகிப்போகும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தத் தாளைத் தாயிடம் மட்டும் தனியறையில் கேட்டு நிரப்ப ஒரு செவிலியர் போதும். பெரிய செலவில்லை, செய்ய மனம் வேண்டும்.

மூன்றாவதாக, காத்திருப்பு. சொட்டு மருந்து விட்ட பிறகு கண்மணி விரியக் காத்திருக்க வேண்டியது தவிர்க்க முடியாதது. ஆனால் முன்பதிவு நேரம் என்று கொடுத்துவிட்டு, அதற்கு வெகுநேரம் கழித்தே முதல் அறைக்கு அழைக்கிறார்கள். பால் கொடுக்கத் தனி அறை உண்டு, தொட்டில் இல்லை. தேநீர்க் கடை வாசலுக்கு வெளியே இருக்கிறது, வடை பரவாயில்லை. ஆலோசனைக் கட்டணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் முடிவெடுப்பதற்கு முன்பே அறுவைச் சிகிச்சைக் கட்டண விவரம் அடங்கிய அட்டையை ஆலோசகர் நீட்டியது மட்டும் கண்ணை உறுத்தியது.

ஏனென்றால் எங்கள் குழந்தைக்கு இப்போது அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை என்பதுதான் மருத்துவரின் முடிவு. இமை கண்மணியை முழுவதும் மறைக்காததால் காத்திருக்கலாம். பொதுவாக மூன்று முதல் ஐந்து வயதுக்குள், தசையின் வலு எவ்வளவு என்று சரியாக அளக்க முடியும்போது செய்வது வழக்கம். தசைக்கு ஓரளவு வலு இருந்தால் அதையே சுருக்கித் தைப்பார்கள். வலுவே இல்லையென்றால், தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையாலோ சிலிக்கான் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு பிணைத்து, புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும்படி செய்வார்கள். கண்மணியே மறைந்திருந்தால் கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெளிச்சம் உள்ளே போகாத கண்ணை மூளை புறக்கணிக்கத் தொடங்கிவிட்டால், பின்னால் இமையைத் தூக்கிவிட்டாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது.

மறைப்பு இல்லாத குழந்தைகளுக்கும் இந்தச் சோம்பேறிக் கண் ஆபத்து உண்டு என்பதை இப்பிரிவு வலியுறுத்தும் விதம் பாராட்டுக்குரியது. ஓல்ம்ஸ்டெட் குழந்தைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குச் சோம்பேறிக் கண் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் காரணம் இமை மறைப்பு அல்ல, மாறுகண்ணும் இரு கண்களுக்கு இடையிலான பவர் வேறுபாடுமே. கனத்த இமை கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றுவதும் உண்டு. எனவே இமை அழகாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல், குறித்த இடைவெளியில் பவரைச் சோதிக்க வேண்டும். தவணை நெருங்கும்போது மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் நினைவூட்டுகிறார்கள். அழைப்பவர் குழந்தையின் எந்தக் கண் என்பதைத் தெரிந்துகொண்டே பேசுகிறார். குழந்தை தலை நிற்கத் தொடங்கியபின் முகவாயை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறதா என்றும் கேட்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தவணைக்குக் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கெண்ணெய் தடவி இமையை நீவிவிடுவதால் பயனில்லை என்றும் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். யாரோ அதைச் செய்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், பரிசோதனைக்கும் மருத்துவரின் விளக்கத்துக்கும் ஐந்து, தொடர் கவனிப்புக்கு நான்கு, கூடத்தில் காக்கும் தனிமைக்கு ஒன்று, கையேட்டுக்குப் பூச்சியம். கையேட்டை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். செல்பவர்கள் பிரசவ மருத்துவமனை தந்த வெளியேற்றச் சீட்டு, கர்ப்ப கால ஸ்கேன் அறிக்கைகள், தாய் உட்கொண்ட மாத்திரைகளின் பட்டைகள், குழந்தை பிறந்த வாரத்தில் எடுத்த தெளிவான முகப் படங்கள், இரு வீட்டுத் தாத்தா பாட்டியரின் பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மறைக்க வேண்டிய மருந்தோ நோயோ இருந்தால், தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். எங்களுக்கு அடுத்து வந்த பெண் அப்படி எழுதிக் கொடுத்தார், மருத்துவரும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவரோடு பேசினார்.